'ஓல்ட்' என்ற சொல்லும் நாங்களும்



ஆறாம் தரப் பிள்ளைக்கும் பொருள் தெரிந்த ஓர் ஆங்கிலச் சொல்லைப் பற்றி இன்று கொஞ்சம் எழுதப்போகிறோம். 'ஓல்ட்'. ஆங்கிலத்தில் மூன்றே எழுத்து. தமிழில் கேட்டால் எல்லாப் பிள்ளைகளும் ஒரே குரலில் 'பழைய' என்று சொல்வார்கள். இந்தச் சின்னச் சொல் மன்னார் முஸ்லிம்களுக்கு என்ன செய்தது என்பதை நம்மில் பலர் அனுபவித்திருக்கிறோம், ஆனால் உட்கார்ந்து யோசித்ததில்லை. பதிவு நீளமானது. தேநீர் ஒன்றை வைத்துக்கொண்டு ஆறுதலாக வாசியுங்கள்.

முதலில் சொல்லின் பிறப்பு. ஆயிரம் வருடங்களுக்கு முந்திய ஆங்கிலத்தில் இது 'எஆல்ட்' என்றும், சில பகுதிகளின் பேச்சில் 'ஆல்ட்' என்றும் இருந்தது. ஜேர்மன்காரர் இன்றும் 'ஆல்ட்' என்றே சொல்கிறார்கள். இன்னும் பின்னால் போனால் மொழியறிஞர்கள் 'அல்' என்ற ஒரு வேரைக் காட்டுகிறார்கள். அதன் பொருள் வளர்தல், ஊட்டி வளர்த்தல். அந்த வேர் லத்தீனுக்குள் போய்ப் பல பிள்ளைகளைப் பெற்றது. வளர்ந்து முடிந்தவர் 'அடல்ட்'. வளர்ந்துகொண்டிருக்கும் வயதுப் பிள்ளை 'அடோலசன்ட்'. உயரத்தைச் சொல்லும் 'அல்டிடியூட்' அதே குடும்பம்தான். பாடசாலைகளின் பழைய மாணவர்களை 'அலும்னை' என்கிறார்களே, அதன் ஒருமையான 'அலும்னஸ்' என்பது லத்தீனில் ஊட்டி வளர்க்கப்பட்ட பிள்ளையைக் குறிக்கும். பழைய மாணவர் சங்கக் கூட்டத்துக்கு வராமல் ஒளிந்து திரிபவர்கள் இதைக் கவனிக்கவும்!

ஆக 'ஓல்ட்' என்பதன் முதற்பொருள் 'வளர்ந்த' என்பதுதான். தேய்ந்தது, முடிந்தது, பழுதானது என்ற வாசனை வேரில் கிடையாது. 'வேர்ல்ட்', அதாவது உலகம் என்ற சொல்லுக்குள்ளேயும் இதே சொல் ஒளிந்திருக்கிறது. மனிதனைக் குறித்த 'வெர்' என்ற பழைய சொல்லும், காலத்தை அல்லது ஆயுளைக் குறித்த 'ஆல்ட்' வகைச் சொல்லும் சேர்ந்து மனிதனின் காலம் என்ற பொருளில் உண்டான சொல் அது.

கோழி வளர்ப்பவர்களுக்கு இன்னொன்று தெரியும். நாம் 'ஒரு நாள் குஞ்சு' என்று வாங்குவதை ஆங்கிலத்தில் 'டே ஓல்ட்' குஞ்சு என்பார்கள். நேற்று முட்டையை உடைத்துக்கொண்டு வெளியே வந்த குஞ்சுக்கும் 'ஓல்ட்'! வயது கேட்கும்போதும் அப்படித்தான், கைக்குழந்தையைக் காட்டி 'எவ்வளவு ஓல்ட்' என்று கேட்கிறார்கள். எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்பதுதான் அந்தக் கேள்வியின் அடிப்பொருள்.

இனி முக்கியமான இடத்துக்கு வருகிறோம். ஆங்கிலத்தில் 'ஓல்ட்' என்ற சொல்லுக்கு எதிர்ச்சொல் இரண்டு. ஆளைப் பற்றிப் பேசினால் எதிர்ச்சொல் 'யங்', இளைய. பொருளைப் பற்றிப் பேசினால் 'நியூ', புதிய. இரண்டு வேலையையும் ஒரு சொல்லே பார்க்கிறது. தமிழ் அப்படி விடவில்லை. ஆளுக்கு மூத்த, முதிய, வயது போன. பொருளுக்குப் பழைய. மூத்த சட்டை என்று யாரும் சொல்வதில்லை. பழைய வாப்பா என்று சொன்னால் முதுகில் அடிதான் விழும். இதனால் 'ஓல்ட்' என்ற சொல்லைத் தமிழாக்குபவர் ஒவ்வொரு முறையும் முடிவெடுக்க வேண்டியிருக்கிறது: முன்னால் நிற்பது ஆளா, பொருளா?

அதற்காகத் தமிழில் 'பழைய' என்பது இழிவான சொல் என்று நினைத்துவிடாதீர்கள். பழம், பழுத்தல், பழகுதல், பழக்கம் எல்லாம் அதன் ஒலிக்குப் பக்கத்தில் நிற்கின்றன. எல்லாம் ஒரே வேர் என்று வாதிடும் அறிஞர்களும் உண்டு. பழஞ்சோற்றைத் தயிரும் சின்ன வெங்காயமும் போட்டுக் கரைத்துக் குடித்தவர்களுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

மத்ரஸா ஓதியவர்களுக்கு அரபுப் பக்கம் இன்னும் நெருக்கம். பழையது என்பதற்கு அரபில் 'கதீம்'. அகீதா பாடத்தில் அல்லாஹ் 'கதீம்' என்று படித்தோம், அதாவது தொடக்கம் இல்லாதவன். படைப்புகள் 'ஹாதிஸ்', புதிதாக உண்டானவை. நபிமொழியைக் குறிக்கும் 'ஹதீஸ்' என்ற சொல்லும் இதே வேர்தான், அரபில் அது பெயரடையாக வந்தால் 'புதிய' என்று பொருள். 'கதீம்' சொல்லின் வேரிலிருந்து முன்னால் எடுத்து வைக்கும் பாதம் 'கதம்' ஆகிறது, நூலின் முன்னுரை 'முகத்திமா' ஆகிறது. வரலாறு படித்தவர்களுக்கு இப்னு கல்தூனின் 'முகத்திமா' நினைவுக்கு வரும். அரபு மொழியின் கணக்கில் பழையவர் என்றால் முன்னால் போனவர். கஃபாவுக்குக் குர்ஆனில் வரும் பெயர்களில் ஒன்று 'பைத்துல் அதீக்'. அங்கே 'அதீக்' என்பதற்குத் தொன்மையான என்றும் விடுதலை பெற்ற என்றும் தப்ஸீர் உலமாக்கள் இரண்டு பொருளும் சொல்கிறார்கள்.

இன்னும் ஒன்று பாருங்கள். 'ஷெய்கு' என்ற சொல்லின் நேர்ப்பொருள் வயது முதிர்ந்தவர். லத்தீனில் கிழவரைக் குறிக்கும் 'செனெக்ஸ்' என்ற சொல்லிலிருந்துதான் 'செனட்' வந்தது. நமது கத்தோலிக்க அயலவர்களின் குருவானவரை ஆங்கிலத்தில் 'பிரீஸ்ட்' என்கிறோம், அதன் கிரேக்க மூலத்தின் பொருள் மூப்பர். இங்கிலாந்தின் நகரசபைகளில் இருந்த 'ஆல்டர்மன்' என்ற பதவியில் 'ஓல்ட்' சொல்லே முழுதாக உட்கார்ந்திருக்கிறது. எந்தச் சமூகத்திலும் மூத்தது என்றால் சபையில் முன்வரிசை.

எங்களுக்குக் கிடைத்த 'ஓல்ட்' மட்டும் பின்வரிசையில் இருந்தது.

1990 ஒக்டோபர் கடைசியில் விடுதலைப் புலிகள் வடக்கின் ஐந்து மாவட்டங்களிலிருந்தும் முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். ஏறத்தாழ 75,000 பேர். அதில் பெரும்பகுதி மன்னார் மாவட்டத்தார். தீவில் இருந்தவர்கள் வள்ளங்களில் கற்பிட்டிக் கரைக்குப் போனார்கள். பெருநிலப்பரப்பில் இருந்தவர்கள் காட்டுவழியும் தெருவழியும் தெற்கே நடந்தார்கள். இந்தக் கதையை நம் வீடுகளில் எத்தனையோ தடவை கேட்டாயிற்று, இங்கே விரிக்கவில்லை.

புத்தளத்தில் இறங்கியபோது எங்களுக்குக் கிடைத்த அடைமொழி 'புதிய'. புதிதாய் வந்த சனம், புதுக் குடியிருப்பு, பாடசாலையில் புதுப் பிள்ளைகள். அந்த மண்ணின் மக்கள் முதல் நாளே சோறு சமைத்துத் தந்தார்கள், தென்னந்தோட்டத்தைத் திறந்துவிட்டார்கள். அந்தக் கடனை நாங்கள் மறக்கக்கூடாது. பிறகு காலம் நீள, கிணறும் பாடசாலைக் கதிரையும் வேலையும் பங்குபோட வேண்டி வந்தபோது 'புதிய' என்ற சொல்லும் கொஞ்சம் கசந்தது. நாங்களோ போன இடத்துக்கும் பழைய பெயரையே வைத்தோம். நாகவில்லுப் பக்கம் போனால் அங்கேயும் ஓர் எருக்கலம்பிட்டி.

அலுவலக மொழியில் எங்களுக்கு 'ஐ.டி.பி.' என்று பெயர், உள்நாட்டில் இடம்பெயர்ந்தோர். இப்படிப்பட்டவர்களின் உரிமை பற்றி ஐக்கிய நாடுகள் வழிகாட்டிக் கோட்பாடுகளை வெளியிட்டது 1998 இல். நாங்கள் கிடுகுக் கொட்டிலில் எட்டு வருடம் இருந்து முடித்த பிறகு. காலம் இன்னும் போக, 'புரொட்ராக்டட்' என்ற இன்னொரு அடைமொழியும் வந்து ஒட்டியது, இழுபட்டுப் போன என்று பொருள். அதன் லத்தீன் வேர் இழுத்தல். வயலில் ஓடும் 'ட்ரக்டர்' அதன் உடன்பிறப்பு. எங்களை இழுத்தது எது என்று கேட்டால் அந்த ஆவணங்களில் பதில் இருக்காது.

2008 க்குப் பிறகு வன்னியில் போர் உக்கிரமாகி இலட்சக்கணக்கான மக்கள் இடம்பெயர்ந்தார்கள். 2009 மே மாதம் போர் முடிந்தபோது செட்டிகுளம் மெனிக் பாம் முகாம்கள் நிரம்பி வழிந்தன. அப்போதுதான் அரசாங்கமும் உதவி நிறுவனங்களும் இடம்பெயர்ந்தோர் கணக்கை இரண்டாகப் பிரித்தன. 2008 ஏப்ரல் மாதம் கோடு. அதற்குப் பிறகு இடம்பெயர்ந்தவர் 'நியூ ஐ.டி.பி.', அதற்கு முன்னர் இடம்பெயர்ந்தவர் 'ஓல்ட் ஐ.டி.பி.' தமிழில் வந்த அறிவித்தல்களில் 'புதிய இடம்பெயர்ந்தோர்', 'பழைய இடம்பெயர்ந்தோர்'. மொழிபெயர்த்தவர் ஆளைப் பார்த்து மூத்த என்று எழுதியிருக்கலாம், முன்னர் இடம்பெயர்ந்தோர் என்றாவது எழுதியிருக்கலாம். பொருளுக்குரிய சொல்லைப் போட்டுவிட்டார். கந்தோர்களில் அது இன்னும் சுருங்கி 'பழைய கேஸ்' ஆனது.

ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். மெனிக் பாமில் முட்கம்பிக்குள் இருந்த வன்னிச் சனத்துக்கு அந்த நேரத்தில் முதலில் கைகொடுத்தது சரி. பிள்ளையைப் பறிகொடுத்து, உடுத்த உடையோடு வந்தவர்களோடு நாங்கள் வரிசைக்குச் சண்டை பிடிக்க முடியாது. எங்கள் குறை அந்த முதல் ஆறு மாதத்தைப் பற்றியதல்ல. அவசரத்துக்காகப் போட்ட கோடு பிறகு திட்டங்களின் நிரந்தரக் கோடாக மாறியதைப் பற்றியது. கூடாரத் தகரம், வீட்டுத்திட்டம், வாழ்வாதார உதவி என்று ஒவ்வொன்றும் 'புதிய'வர்களை மனதில் வைத்து வரையப்பட்டது. வந்து குடியிருந்தால்தான் பதிவு, பதிவு இருந்தால்தான் வீட்டுப் புள்ளி என்றார்கள். காடு மூடிய காணியில் கிணறும் கூரையும் பாடசாலையும் இல்லாமல் பிள்ளைகளோடு எப்படி வந்து குடியிருப்பது? வராவிட்டால் 'இவர்களுக்குத் திரும்ப விருப்பமில்லை' என்று எழுதிக்கொண்டார்கள். வந்துவிட்டுப் பிள்ளைகளின் படிப்புக்காகப் புத்தளம் போய் வந்தால் 'இரண்டு இடத்திலும் கால் வைக்கிறார்கள்' என்றார்கள். இதற்கிடையில் ஒரு குடும்பம் மூன்று நான்கு குடும்பமாகப் பெருகியிருந்தது. படிவத்தில் மட்டும் 1990 இல் இருந்த அந்த ஒரு வீடு.

இந்தக் கோடு முஸ்லிம்களை மட்டும் வெட்டவில்லை. மறிச்சுக்கட்டிக்குப் பக்கத்தில் முள்ளிக்குளம் இருக்கிறது, கத்தோலிக்கத் தமிழ் மக்களின் கிராமம். முசலிப் பக்கத்தை இராணுவம் பிடித்த 2007 செப்டெம்பரில் அவர்கள் ஊரைவிட்டு வெளியேற்றப்பட்டார்கள், பிறகு அங்கே கடற்படை வந்து அமர்ந்தது. 2008 ஏப்ரலுக்கு ஏழு மாதம் முந்தியதால் கோட்டின்படி அவர்களும் 'ஓல்ட்'. ஏழு மாதத்தில் பழசாகிப்போன மக்கள்! அவர்கள் தொடர்ந்து போராடிய பிறகு, 2017 ஏப்ரலில் 100 ஏக்கர் காணியை விடுவிப்பதாகக் கடற்படை அறிவித்தது. அதே வருடம் சிலாவத்துறையில் நமது மக்களும் கடற்படை முகாமுக்குள் அகப்பட்ட காணிக்காகக் கொட்டில் போட்டு இருந்தார்கள். இரண்டு போராட்டத்தையும் ஒரே செய்தியாக எழுதிய பத்திரிகை குறைவு. முருங்கன் சந்தியில் சிலாவத்துறைப் பஸ்ஸுக்கு இரண்டு ஊர்ச் சனமும் ஒன்றாகத்தான் நிற்கிறது.

2010 இல் நியமிக்கப்பட்ட கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு 2011 இல் தந்த அறிக்கையில் வடக்கு முஸ்லிம்களுக்கென ஒரு விசேட குழுவும் முழுமையான அரச கொள்கையும் வேண்டும் என்று பரிந்துரைத்தது. அதே வருடம் வடக்கு முஸ்லிம்களின் வெளியேற்றம் பற்றிய பிரஜைகள் ஆணைக்குழுவின் பெரிய அறிக்கையும் வெளிவந்தது. வாசிக்காதவர்கள் தேடி வாசியுங்கள், நமது ஊர்களின் பெயர்கள் அதில் இருக்கின்றன.

காலம் எங்களுக்கு எதிராக ஓடிய இன்னோர் இடம் காணிச் சட்டம். 1871 ஆம் ஆண்டின் சட்டப்படி ஒருவர் இன்னொருவரின் காணியைப் பத்து வருடம் தடையில்லாமல், தனதென்று ஆண்டுவந்தால் உரிமை கோரலாம். சாதாரண காலத்துக்கு நல்ல சட்டம்தான். காணிக்காரன் துவக்கு முனையில் விரட்டப்பட்டு இருபது வருடம் வரமுடியாமல் இருந்தால்? அங்கே இருப்பவரின் ஆட்சி ஒவ்வொரு வருடமும் 'ஓல்ட்' ஆகிறது, அதாவது வளர்கிறது. எங்கள் உரிமையும் ஒவ்வொரு வருடமும் 'ஓல்ட்' ஆகிறது, அதாவது தேய்கிறது. ஒரே சொல், ஒரே காணி, ஒரே இருபது வருடம். இதைச் சரிசெய்யத்தான் 2016 இல் 5 ஆம் இலக்க விசேட ஏற்பாடுகள் சட்டம் வந்தது. ஆயுதக் குழுக்களின் செயலால் நீதிமன்றம் போகமுடியாமல் இருந்தவர்களுக்கு, 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தை அந்தப் பத்து வருடக் கணக்கில் சேர்க்கக்கூடாது என்பது அதன் சாரம். வாக்குரிமைக்கு அதற்கு முன்னரே, 2013 இல், 27 ஆம் இலக்கச் சட்டம் வந்திருந்தது. இடம்பெயர்ந்தவர் தனது முந்திய ஊரிலேயே வாக்காளராகப் பதிய அது தற்காலிகமாக வழிவிட்டது.

காட்டுக் கதைக்கும் வருவோம், அதைத் தொடாமல் போனால் இந்தப் பதிவு முழுமையாகாது. ஆட்கள் இல்லாத ஊரில் இருபது வருடத்தில் மரம் வளரும். முற்றத்தில் வளர்ந்தது, பள்ளிவாசல் சுவரைப் பிளந்துகொண்டு வளர்ந்தது. 2012 இல் மறிச்சுக்கட்டி, கரடிக்குளிப் பகுதிகள் வனமென்று வர்த்தமானியில் வந்தன. 2017 மார்ச்சில் இன்னும் பெரிய பரப்பு மாவில்லுப் பேணற் காடாக அறிவிக்கப்பட்டது, ஜனாதிபதி ரஷ்யாவில் இருந்தபோது கையெழுத்திட்ட வர்த்தமானி. மறிச்சுக்கட்டியில் மக்கள் நாள்கணக்காக வெயிலில் உட்கார்ந்தார்கள். தெற்கில் உள்ள பலருக்கோ நாங்கள் வில்பத்துவை வெட்ட வந்த புதுக் குடியேற்றக்காரர்கள். கவனித்தீர்களா? உதவி கேட்டபோது 'பழைய', காணி கேட்டபோது 'புதிய'.

வெட்டிய மரமெல்லாம் எங்கள் முற்றத்து மரம் என்று நாங்கள் சொல்லமாட்டோம். பிள்ளைகளுக்குச் சுற்றாடல் பாடம் நடத்தும் கை அது. எந்தத் துண்டு ஊர், எந்தத் துண்டு காடு என்று காணி காணியாகப் பார்த்துப் பிரித்திருக்க வேண்டும் என்றுதான் சொல்கிறோம். வயதைத்தான் கேட்கிறார்கள் என்றால் ஆண்டுகளைப் பார்ப்போம். வில்பத்து தேசியப் பூங்காவானது 1938 இல். அதற்கு 32 வருடம் முன்னர், 1906 இல், மறிச்சுக்கட்டிக் கரையில் முத்துக்குளிப்பு நடந்தது. அரபு நாட்டுச் சுழியோடிகளும் தமிழ்ச் சுழியோடிகளும் ஆயிரக்கணக்கில் வந்து குவிந்தார்கள். அங்கே மேற்பார்வை வேலைக்கு அனுப்பப்பட்ட இளம் வெள்ளைக்கார அதிகாரிதான் லெனார்ட் வுல்ஃப். இலங்கையில் தான் கழித்த அந்த வருடங்களைப் பற்றி அவர் பிற்காலத்தில் எழுதிய நூல் 1961 இல் வெளிவந்தது. அதற்கு அவர் வைத்த தலைப்பின் தமிழ்ப்பொருள் 'வளர்தல்'. 'ஓல்ட்' சொல்லின் வேரும் அதுதான் என்று மேலே பார்த்தோமே.

முசலியில் ஓர் ஊரின் பெயரே புதுவெளி. 1990 இல் நாங்கள் விட்டுவிட்டு வந்தபோதும் அது புதுவெளிதான், இன்றும் புதுவெளிதான். அங்கே இருந்து போனவர்கள் 'பழைய இடம்பெயர்ந்தோர்'. இதை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்துப் பாருங்கள், சிரிப்பு வரும். பிறகு சிரிப்பு நின்றுவிடும்.

கடைசியாக ஒரு வேலை. இன்று காணி சம்பந்தமாக எந்தக் கந்தோருக்குப் போனாலும் மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் கேட்பது 'பழைய உறுதி இருக்கா, பழைய பேமிட் இருக்கா' என்பதுதான். அந்த இடத்தில் மட்டும் 'பழைய' என்ற சொல்லுக்குப் பெறுமதி குறைவதில்லை. ஆகவே 1990 க்கு முந்திய உறுதி, பேமிட், வாக்காளர் இடாப்புப் பிரதி, கூப்பன் புத்தகம், பள்ளிவாசலின் நிக்காஹ் பதிவு, பாடசாலை அனுமதிச் சான்றிதழ், வள்ளத்துக்கும் வலைக்கும் எடுத்த அனுமதி என்று எந்தத் தாள் உங்கள் ட்ரங்குப் பெட்டியில் கிடந்தாலும், கறையான் தின்ற துண்டாக இருந்தாலும், ஒளிப்படப் பிரதி ஒன்று எடுத்துவையுங்கள். மூத்தவர்களிடம் கிணறு எங்கே, வேலி எங்கே, பக்கத்துக் காணி யாருடையது என்று கேட்டு எழுதி, திகதி போட்டு, அவர்களிடமே கையெழுத்து வாங்குங்கள். புத்தளத்தில் இருக்கும் சொந்தங்களுக்கும் இந்தப் பதிவை அனுப்பிவிடுங்கள், பெட்டிகள் பெரும்பாலும் அங்கேதான் இருக்கின்றன.

வஸ்ஸலாம்.